எல்விஸின் ஆரம்பகாலப் பதிவுகளில் வரும் கிட்டார் ஒலியை வீட்டில் எப்படிக் கொண்டுவருவது?

உங்களிடம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் ஒன்று, 20 வாட் மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாக நகலெடுப்பது) ஒன்று, ஓவர்டிரைவ் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்குவது) ஒன்று இருக்கின்றன. எல்விஸ் பிரெஸ்லியின் ‘மிஸ்டரி ட்ரெயின்’ பாட்டில் வருகிற கிட்டார் மாதிரி ஒலிக்க வேண்டும். ரிவெர்பையும் (முழக்கம்) டிரைவையும் (கரகரப்பு) எப்படித் திருகினாலும் வரவில்லை. அடுத்து எந்தப் பெடல் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பெடலைப் பற்றி இருந்தாலும், அந்த ஒலி எந்த இடத்தில் உருவானது என்று தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். விரல், கம்பி, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), ஆம்ப், மைக், அறை, டேப் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் நீங்கள் இதுவரை தொட்டது ஆம்பை மட்டும். வாங்க வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். அதற்கு முன் இரண்டை அணைக்க வேண்டும்.

முதலாவது ரிவெர்ப். உங்கள் ஆம்பில் இருப்பது ஸ்பிரிங் ரிவெர்பின், அதாவது ஒலியை ஸ்பிரிங் வழியாக அனுப்பி முழக்கம் உண்டாக்கும் கருவியின், நகல். ஃபெண்டர் நிறுவனம் அதைத் தனிப்பெட்டியாக விற்கத் தொடங்கியது 1961-இல். ஆம்புக்குள்ளேயே வைத்துத் தந்தது 1963-இல். ‘மிஸ்டரி ட்ரெயின்’ பதிவானது 1955 ஜூலையில். ஆகவே அந்தப் பதிவில் ஸ்பிரிங் இல்லை. அதைக் கூட்டக் கூட்ட நீங்கள் 1960-களின் சர்ஃப் இசைப் பக்கம்தான் போவீர்கள். இரண்டாவது ஓவர்டிரைவ் பெடல். கடையில் கிடைத்த முதல் ஃபஸ் பெட்டியே (ஒலியைக் கிழிந்ததுபோல் ஆக்குவது) 1962-இல்தான் வந்தது. நீங்கள் வைத்திருக்கும் வகைப் பெடல்கள் 1970-களின் பிற்பகுதிச் சரக்கு. அவை நடு அலைவரிசையைத் தூக்கி, ஒலியை அமுக்கி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரே உயரத்தில் நிறுத்துகின்றன. எல்விஸின் கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூரின் வாசிப்பில் மெதுவாகத் தொட்டால் மெதுவாக, அழுத்தித் தொட்டால் சற்றே கரகரப்பாக என்று கைக்கேற்ப ஒலி மாறிக்கொண்டே இருக்கும். பெடல் அந்த வித்தியாசத்தை முதலில் அழித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆரம்பகால ராக் அண்ட் ரோல் டோன்’ என்று ஒரே ஒரு ஒலி கிடையாது. 1954 ஏப்ரலில் பதிவான ‘ராக் அரவுண்ட் தி க்ளாக்’ பாட்டில் டேனி செட்ரோன் வாசிப்பது கிட்டத்தட்ட ஜாஸ் கிட்டார் ஒலி. சக் பெர்ரியின் ஒலி அதைவிடக் கூர்மை, இரட்டைக் கம்பியில் அடிக்கும் அடி. பட்டி ஹாலி வைத்திருந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். உங்கள் கிட்டாருக்கு மிக அருகில் இருப்பது அவருடைய ஒலிதான். ‘பெகி சூ’வைக் கீழ்நோக்கி மட்டுமே அடித்து வாசித்துப் பாருங்கள், பாதி வந்துவிடும். போ டிட்லியிடம் நடுங்குகிற அந்த ஒலிக்குக் காரணம் டிஆர்மண்ட் டிரெமலோ பெட்டி. மின்சாரம் கடத்தும் திரவம் நிறைந்த சிறு குப்பியை மோட்டார் ஆட்டும். திரவம் தளும்பும்போது சிக்னல் கூடிக் குறையும். இன்றைய டிரெமலோ பெடல்களில் அந்தத் தளும்பல் இல்லை, அலை மிகச் சீராக இருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிப்பதில் வேண்டும். நீங்கள் கேட்டது மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோ ஒலி என்பதால் அதிலேயே நிற்கிறேன்.

அங்கே உறுதியாகத் தெரிந்தவை இவை. யூனியன் அவென்யூ 706-ஆம் எண் கட்டடத்தில் சாம் பிலிப்ஸ் நடத்திய சிறிய பதிவுக்கூடம். 1954 ஜூலையில் பதிவான ‘தட்ஸ் ஆல் ரைட்’ பாட்டில் மூன்றே பேர்: எல்விஸ் குரலும் அகவுஸ்டிக் கிட்டாரும், பில் பிளாக் நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ், ஸ்காட்டி மூர் எலக்ட்ரிக் கிட்டார். டிரம்ஸ் இல்லை. மூரின் கையில் இருந்தது தங்க நிற கிப்ஸன் ஈஎஸ்-295, உள்ளே குடைவான உடல், இரண்டு பி-90 பிக்கப். ஆம்ப், ஃபெண்டர் டீலக்ஸ். 1955 நடுவில் அவர் கிப்ஸன் எல்-5 கிட்டாருக்கும், இலினாய் மாநிலத்தின் கெய்ரோ ஊரில் ரே பட்ஸ் கையால் செய்துவந்த எக்கோசானிக் ஆம்புக்கும் மாறினார். அந்த ஆம்புக்குள்ளேயே ஒரு டேப் எக்கோ ஓடியது. ‘மிஸ்டரி ட்ரெயின்’ அதற்குப் பிந்தையது. ஆக, நீங்கள் ஒரே ஒலி என்று நினைப்பது இரண்டு கருவிக் கூட்டங்கள். 1954-இன் ஒலி காய்ந்தது, சற்று மொட்டை. 1955 நடுவிலிருந்து கிட்டாருக்கென்றே தனி எதிரொலி சேர்ந்துவிட்டது.

சரி, கம்பியிலிருந்து தொடங்குவோம். செலவு குறைவு, பலன் அதிகம். புதுக் கிட்டாரோடு வருவது பெரும்பாலும் 0.009 செட் (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில்). அன்று கடைகளில் கிடைத்தவை 0.012, 0.013 செட்கள்தான், மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பியாகவே (மேலே உலோக இழை சுற்றியதாகவே) இருக்கும். மெல்லிய கம்பி வேண்டுமென்று ஜேம்ஸ் பர்ட்டன் போன்றவர்கள் பாஞ்சோ கம்பிகளை மாட்டிக்கொண்டார்கள், அது விதிவிலக்கு. நீங்கள் சுத்த நிக்கல் சுற்றிய 0.011 செட்டை, சுற்றிய மூன்றாவது கம்பியோடு வாங்குங்கள். நிக்கல் பூசிய எஃகுக் கம்பியைவிடச் சுத்த நிக்கலில் மேல் அலைவரிசைப் பளபளப்பு குறைவு. ஃபெண்டர் கழுத்தின் கம்பி நீளம் 25.5 அங்குலம், ஈஎஸ்-295-க்கு 24.75. நீளம் கூடினால் அதே சுருதிக்கு இழுவிசையும் கூடும். அதனால் உங்கள் கிட்டாரில் 0.011 மாட்டினாலே கை சற்றுத் தடித்த செட்டைத்தான் உணரும். 0.012 போட்டு விரலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

தடித்த கம்பி மாட்டியதும் மூன்று சிக்கல்கள் வரும். டிரெமலோ பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கி ஆடும் பகுதி; மேலே சொன்ன டிரெமலோ பெட்டி வேறு) முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்னால் இருக்கும் மூன்று ஸ்பிரிங்கை ஐந்தாக்கி, பிடிப்புத் திருகை இறுக்கிப் பிரிட்ஜை உடலோடு படியவைத்துவிடுங்கள். சுற்றிய மூன்றாவது கம்பி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டின்) பள்ளத்தில் சிக்கும். சுருதி ஏற்றும்போது ‘டிங்’ என்று சத்தம் கேட்டால் பள்ளம் குறுகல் என்று அர்த்தம், கடையில் கொடுத்து அகலப்படுத்துங்கள். மூன்றாவது, இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுவதும் சுருதி சரியாக இருப்பது. சாதாரண மூன்றாவது கம்பிக்காகப் பின்னால் தள்ளி வைத்திருந்த சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு), சுற்றுக்கம்பிக்கு அவ்வளவு பின்னால் தேவையில்லை. முன்னால் கொண்டுவர வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒத்துப்போகும்வரை நகர்த்துங்கள். கழுத்து முன்னோக்கி வளைந்திருந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டை) கால் சுற்றுக்குமேல் ஒரே நாளில் திருக வேண்டாம்.

அடுத்தது பிக்கப். பி-90 அகலமான காயில், அதன் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) பிக்கப்பைப்போலச் சுமார் மூன்று மடங்கு. இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் (மின்னைத் தேக்கும் அளவும்) சேர்ந்து எந்த இடத்தில் ஒலி உச்சம் கொள்ளும் என்று தீர்மானிக்கின்றன. சுமார் 2.4 ஹென்ரி உள்ள ஸ்ட்ராட் பிக்கப்பும் சாதாரண கேபிளும் சேர்ந்தால் உச்சம் ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். பி-90-யில் அது 2.5 பக்கம். இதைச் சில ரூபாய்ச் செலவில் கீழே இறக்கலாம்: கிட்டாரின் வெளியீட்டு ஜாக்கில் சிக்னல் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1,000 பிக்கோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். ஏற்கெனவே இருக்கும் சுமார் 700 பிக்கோஃபாரட்டோடு இது சேர்ந்தால் உச்சம் 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். டோன் திருகைக் குறைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. டோனைக் குறைத்தால் உச்சமே மழுங்கி ஒலி மந்தமாகிவிடும். இதில் உச்சம் இருக்கும், இடம் மட்டும் மாறும். பற்றவைக்கத் தயக்கமாக இருந்தால் பத்து மீட்டர் நீளமுள்ள மலிவான கேபிளைப் பயன்படுத்துங்கள். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று அதுவே இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும். நடுவில் பஃபர் (சிக்னலுக்குப் பலம் கொடுத்து, பிக்கப்பையும் கேபிளையும் பிரித்துவிடும் சர்க்யூட்) உள்ள பெடல் எதுவும் இருக்கக் கூடாது. பஃபருக்குப் பின்னால் கேபிள் எவ்வளவு நீளமானாலும் பிக்கப்புக்கு அது தெரியாது. ‘ட்ரூ பைபாஸ்’ (அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேரே போகும் வசதி) இல்லாத பல பெடல்கள் அணைத்திருக்கும்போதும் பஃபராகவே இருக்கின்றன. இந்த உபாயம் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் அதுதான்.

இதனால் ஸ்ட்ராட் பி-90 ஆகிவிடாது. காயிலின் அகலம், வெளியீட்டின் பலம், குடைவான உடல் மூன்றும் வேறு. குடைவான கிட்டாரில் ஸ்வரம் கொட்டென்று தொடங்கிச் சீக்கிரம் அடங்கும். திடமான மரத்தில் அது நீளும். இந்த வித்தியாசத்தை உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜுக்கு அருகே லேசாக வைத்துத்தான் ஈடுகட்ட முடியும். ஸ்பான்ஜ் துண்டைக் கம்பிக்கு அடியில் செருகுகிறார்கள் சிலர். மேல் கம்பிகளும் செத்துவிடுவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிக்கப் உயரத்தையும் பாருங்கள்: கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளந்தால் கம்பிக்கும் காந்தத்துக்கும் இடையே 2.5 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். கழுத்துப் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள், வால்யூமை 7 அல்லது 8-இல் வையுங்கள்.

கை விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எந்தக் கருவியும் அதை ஈடுசெய்யாது. ஸ்காட்டி மூர் கட்டைவிரலில் மாட்டும் பிக் வைத்து, மற்ற விரல்களை வெறுமனே பயன்படுத்தினார். மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் இருவரிடமிருந்து வந்த முறை. கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் மாறி மாறி அடித்துத் தாளம் வைத்துக்கொண்டிருக்கும், உள்ளங்கை அவற்றை அமுக்கும். மேல் கம்பிகள் மட்டும் திறந்து ஒலிக்கும். சாதாரண பிக்கைப் பிடித்து மேலும் கீழும் அடித்தால் எல்லாக் கம்பியும் ஒரே எடையில் வரும், பாட்டின் நடை போய்விடும். கட்டைவிரல் பிக் உங்களுக்குப் புதிது என்றால் முதல் சில வாரங்கள் அது விரலில் சுழலும். வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்து வளைத்து, விரல் அளவுக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். டிரம்ஸ் இல்லாத பதிவு என்பதையும் மறக்க வேண்டாம். பில் பிளாக் பேஸ் கம்பியை இழுத்து விடும்போது அது விரற்பலகையில் பட்டுச் சொடுக்கும் ‘டக்’ ஒலிதான் அங்கே டிரம்ஸ். மேல் அலைவரிசையின் கூர்மை அதிலிருந்து வருகிறது, கிட்டாரிலிருந்து அல்ல. கிட்டாரைத் தனியாக வைத்துக் கேட்டால் நீங்கள் நினைப்பதைவிட மந்தமாகவே இருக்க வேண்டும்.

ஆம்புக்கு வருகிறேன். டீலக்ஸ் என்றதும் எல்லோரும் சொல்வது 5ஈ3 என்ற சர்க்யூட்டை. இரண்டு 6வி6 வால்வுகள், முன்னால் ஒரு 12ஏஒய்7, 5ஒய்3 ரெக்டிஃபையர், நெகட்டிவ் ஃபீட்பேக் கிடையாது, 12 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர், வெளியீடு 12 முதல் 15 வாட். ஆனால் 5ஈ3 வந்தது 1955 வாக்கில். 1954-இல் மூரிடம் இருந்தது அதற்கு முந்தைய மாதிரி. அதன் முன்பகுதியில் 6எஸ்சி7 என்ற பழைய எட்டுமுனை வால்வுகள், ஒலி இன்னும் சற்றுத் தடிமன். வீட்டில் வாசிக்கும் அளவுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. 5ஈ3 கிட்டை (உதிரிபாகத் தொகுப்பை) வாங்கிப் பூட்டினாலே போதும், முன் வால்வாக 12ஏஎக்ஸ்7 போடாதீர்கள். அதன் பெருக்கம் 100, 12ஏஒய்7-க்கு 45-ஐ ஒட்டி. விற்கும் கிட்கள் சிலவற்றில் கூடுதல் டிரைவுக்காக 12ஏஎக்ஸ்7 கொடுக்கிறார்கள். அதை மாற்றியதும் ஆம்பின் குணமே மாறும். இரண்டு சேனலின் வால்யூம் திருகுகளும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது அந்த ஆம்பின் விசித்திரம். கேபிள் செருகாத சேனலின் வால்யூமை ஏற்றி இறக்கினால் செருகிய சேனலின் ஒலி மாறும். முதலில் அதைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்குங்கள். குறைந்த உணர்திறன் உள்ள இரண்டாவது இன்புட், வால்யூம் 3 அல்லது 4, டோன் 5. அழுத்தி அடித்தால் மட்டும் ஓரம் கரகரக்க வேண்டும். சும்மா தொட்டாலே கரகரத்தால் அது அதிகம்.

உங்கள் மாடலிங் ஆம்பிலேயே ‘ட்வீட்’ (1950-களின் ஃபெண்டர் ஆம்ப் வகை) என்று ஒரு மாதிரி இருக்கும். கெய்ன் பத்துக்கு மூன்று, பேஸ் 4, மிடில் 6, ட்ரெபிள் 4, மாஸ்டர் நன்றாக மேலே. நாய்ஸ் கேட்டை அணையுங்கள். அது மெல்லிய ஸ்வரங்களின் வாலை வெட்டும். கம்ப்யூட்டர் வழியாகப் பதிவு செய்தால் ஒரே 12 அங்குல ஜென்சன் ஸ்பீக்கரின் ஐஆர் கோப்பை (ஸ்பீக்கர் ஒலிக்கும் விதத்தைப் பதித்த டிஜிட்டல் கோப்பை) பயன்படுத்துங்கள். நான்கு ஸ்பீக்கர் பெட்டி வேண்டாம். இந்த அமைப்பில் காதுக்கு ஒன்றும் பிரமாதமாகத் தெரியாது. தெரியக் கூடாது, மீதி வேலை மைக்கிலும் டேப்பிலும் இருக்கிறது.

அன்று மூவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே டிராக்கில் பதிவானார்கள். ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலியும் கொஞ்சம் விழுந்தது. ஆம்புக்கு முன்னால் மைக்கை ஒட்டி வைப்பது பிற்காலப் பழக்கம். ஒட்டி வைத்தால் கீழ் அலைவரிசை வீங்கி, அறை காணாமல் போகும். ரிப்பன் மைக் (மெல்லிய உலோக நாடா உள்ள மைக்) இருந்தால் 30 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், அதன் பின்பக்கமும் கேட்கும் என்பதால் அறையும் சேர்ந்து வரும். அதை இணைக்கும் சேனலில் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளில் ஒரு தவறு இருந்தால் ரிப்பன் நீண்டு கெட்டுவிடும். சாதாரண டைனமிக் மைக் என்றால் 30 சென்டிமீட்டர் தூரம், கோனின் மையத்தை விட்டு ஓரத்தை நோக்கி. பிறகு மிக்ஸில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழும், 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். மோனோவிலேயே வைத்திருங்கள். கிட்டாரை இடப்பக்கம், எதிரொலியை வலப்பக்கம் என்று பிரித்தால் அந்த நொடியே 1955 போய்விடும்.

இப்போது ஸ்லாப்பேக், அதாவது ஒரே ஒருமுறை சட்டென்று திரும்பும் எதிரொலி. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது. சாம் பிலிப்ஸிடம் ஆம்பெக்ஸ் டேப் மெஷின்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் பாட்டு பதிவாகும். அதே ஒலி இன்னொன்றின் பதிவுத் தலைக்கும் போகும். டேப் பதிவுத் தலையைக் கடந்து ஒலிப்புத் தலையை அடையச் சற்று நேரம் பிடிக்கும். அங்கே எடுத்த தாமதமான ஒலியைப் பாட்டோடு திரும்பக் கலந்தார். நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தது. தலைகளுக்கிடையே இரண்டு அங்குலம், டேப்பின் வேகம் விநாடிக்கு 15 அங்குலம் என்றால் 133 மில்லிவிநாடி. ஒரே ஒரு திரும்பல்தான், தொடர் இல்லை. டிலே பெடலில் (ஒலியைத் தாமதித்துத் திரும்பத் தருவது) நேரம் 120 முதல் 140 மில்லிவிநாடி, ஃபீட்பேக் (திரும்பல்களின் எண்ணிக்கை) பூஜ்யம், மிக்ஸ் 25 முதல் 35 சதவீதம். 60-க்குக் கீழே போனால் இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிப்பது போல மங்கும், 180-க்கு மேலே போனால் எதிரொலி தனியாகப் பிரிந்து தாளத்தில் குறுக்கிடும். பாட்டின் டெம்போவுக்கு டிலேயைப் பொருத்தும் பொத்தானை அழுத்தாதீர்கள். மெஷினின் வேகம்தான் நேரத்தைத் தீர்மானித்தது, பாட்டு அல்ல. தாளத்தோடு கச்சிதமாகப் பொருந்தாததால்தான் அந்தப் பதிவுகளில் ஒரு தள்ளாட்டமும் துள்ளலும் கேட்கிறது.

திரும்பிவரும் ஒலி மூல ஒலியைவிட மங்கலாக இருக்க வேண்டும். டிஜிட்டல் டிலே அச்சு அசல் நகலைத் தருவதால் ஒலி கண்ணாடி போல் ஆகிவிடுகிறது. டிலேயின் வழியில் மட்டும் 3.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வெட்டுங்கள். பெடலில் ஃபில்டர் இல்லையென்றால் அனலாக் வகை டிலே வாங்குங்கள். அது இயல்பாகவே மங்கலாகத் திரும்பும். வாங்கியே ஆக வேண்டும் என்று மனம் அரித்தால் வாங்க வேண்டிய ஒரே பெடல் அதுதான். ‘டேப்’ மோடில் வரும் ஃப்ளட்டர் (டேப் வேகத்தின் ஆட்டம்) திருகை மிகக் குறைவாக வையுங்கள். நல்ல நிலையில் இருந்த ஆம்பெக்ஸ் மெஷின் காதுக்குத் தெரியும்படி ஆடவில்லை. பழைய டேப் என்றாலே தள்ளாட வேண்டும் என்பது இன்றைய சாஃப்ட்வேர்க்காரர்களின் ஆசை.

டிலே எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சன் ஸ்டுடியோவின் எதிரொலி மைக்குக்குப் பின்னால் கலந்தது. குரலுக்கும் பேஸின் சொடுக்குக்கும் சேர்த்தே. 1955 பிப்ரவரியில் பதிவான ‘பேபி லெட்ஸ் ப்ளே ஹவுஸ்’ பாட்டைக் கேட்டால் இது தெளிவாகும், எதிரொலி குரலில்தான் அதிகம் தெரிகிறது. அந்த ஒலி வேண்டுமென்றால் கிட்டாரையும் பேஸையும் மிக்ஸரின் ஒரே பஸ்ஸுக்கு (பொதுத் தடத்துக்கு) அனுப்பி அங்கே டிலே போடுங்கள். எக்கோசானிக் வந்தபிறகு கிட்டார் ஆம்புக்குள்ளேயே எதிரொலி இருந்தது. ஆகவே ‘மிஸ்டரி ட்ரெயின்’ ஒலிக்குப் பெடலை ஆம்புக்கு முன்னால் வைக்கலாம். ஆனால் ஆம்ப் சுத்தமாக இருக்கும்வரைதான். ஆம்ப் கரகரக்கும் நிலையில் டிலேயை முன்னால் வைத்தால் மூல ஒலியும் திரும்பும் ஒலியும் ஒன்றாக அமுங்கி, எதிரொலி குறைவதற்குப் பதில் கூழாகும். அந்த நிலைமையில் எஃபெக்ட் லூப்பில் (ஆம்பின் முன்பகுதிக்குப் பின்னால் பெடல் செருகும் இடத்தில்) வையுங்கள், அல்லது பதிவுக்குப் பிறகு போடுங்கள்.

எல்விஸ் ஆர்சிஏ நிறுவனத்துக்குப் போனபிறகு, 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் பதிவான ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பாட்டில் இருப்பது வேறு எதிரொலி. அது அறை அல்லது கூடத்தின் நீண்ட முழக்கம். சன் பதிவுகளின் ஸ்லாப்பேக்கை அங்கே கொண்டுவர முடியாமல் நடைக்கூடத்தைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. ‘எல்விஸ் டோன்’ என்று இணையத்தில் கிடைக்கும் ப்ரீசெட்கள் பல இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன.

இனி சந்தேகத்துக்குரியவை. டிஸ்டார்ஷன் அன்றும் இருந்தது, ஆனால் கதைகளோடு கலந்தே வருகிறது. 1951-இல் சாம் பிலிப்ஸ் பதிவு செய்த ‘ராக்கெட் 88’ பாட்டில் கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் வழியில் சேதமாகி, கிழிந்த ஸ்பீக்கரில் காகிதம் திணித்துச் சமாளித்தார்கள் என்பதில் பொதுவாக உடன்பாடு உண்டு. அது காரிலிருந்து விழுந்ததா, மழையில் நனைந்ததா என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபாடு. 1956-இல் ஜானி பர்னெட் குழு பதிவு செய்த ‘தி ட்ரெயின் கெப்ட் அ-ரோலின்’ பாட்டில் ஆம்பின் வால்வு கழன்றிருந்தது என்று குழுவின் கிட்டார் கலைஞர் பால் பர்லிசன் சொன்னார். அந்தக் கிட்டாரை வாசித்ததே அவர்தானா, ஸ்டுடியோ கலைஞர் கிரேடி மார்ட்டினா என்று இன்றும் வாதம் நடக்கிறது. லிங்க் ரே 1958-இல் ‘ரம்பிள்’ பாட்டுக்காக ஸ்பீக்கர் கோனில் பென்சிலால் ஓட்டை போட்டது ஓரளவு நம்பகமானது. இவற்றை நகலெடுக்க உங்கள் ஸ்பீக்கரைக் குத்த வேண்டாம். மலிவான 8 அங்குல ஸ்பீக்கருள்ள 5 வாட் ஆம்பை முழுவதும் திறந்துவைத்தால் அந்த வகை ஒலிக்கு மிக அருகில் போகலாம்.

ஒப்பிடுவதற்கு எந்தப் பதிப்பை வைத்துக்கொள்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். சன் பாடல்களுக்குப் பிற்காலத்தில் எதிரொலி கூட்டிய பதிப்புகள் உண்டு, மோனோவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய பதிப்புகளும் உண்டு. மோனோ என்று தெளிவாகக் குறித்த மறுவெளியீட்டையே வைத்துக்கொள்ளுங்கள். ட்யூனர் காட்டும் 440-க்கும் பதிவின் சுருதிக்கும் சற்று வித்தியாசம் இருக்கலாம், டேப் வேகம் எல்லா மெஷினிலும் ஒன்றல்ல. ட்யூனரை விட்டுவிட்டுப் பதிவோடு காதால் சுருதி சேருங்கள். பிறகு உங்கள் பதிவையும் அதையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, சிறிய மோனோ ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தம் கூடிய பதிவு எப்போதும் நல்லதாகவே தோன்றும் என்பதால் அளவைச் சமமாக்காமல் எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

செலவு செய்யும் வரிசை என்று கேட்டால்: கம்பி, கட்டைவிரல் பிக், 1,000 பிக்கோஃபாரட் கெபாசிட்டர், அனலாக் டிலே. இவை நான்கும் முடிந்து சில மாதம் வாசித்த பிறகும் போதாதென்றால் பி-90 உள்ள குடைவான கிட்டாரைத் தேடலாம், வால்வ் ஆம்பைக் கடைசியாகப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து பழைய ஆம்பை வரவழைப்பதாக இருந்தால் அது 110 முதல் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். டீலக்ஸ் அளவு ஆம்புக்கு 200 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும் என்பதால் முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதோடு நிறுத்துங்கள். இரண்டு முள் பிளக் இருந்தால் எர்த் உள்ள மூன்று முள்ளாக மாற்றி, சேஸியோடு இணைந்த பழைய லைன் கெபாசிட்டரை எடுத்துவிட வேண்டும். அது கசிந்தால் கிட்டார் கம்பியிலேயே மின்சாரம் வரும். உள்ளே 350 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். வால்வ் சர்க்யூட்டில் பழக்கம் இல்லாதவர் மூடியைத் திறக்கக் கூடாது. பழைய வால்வு ரேடியோ பழுதுபார்ப்பவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுக்கலாம்.